பி.நோட் தெரியாத பாரிஸ்டர்

படிப்பை முடித்து முதல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நம் குடியிருப்பில் இருக்கிறீர்கள். பதவி உயர்வு கிடைத்துப் புது நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களில் சிலருக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு பயம் இருக்கலாம். சான்றிதழ் கையில் இருக்கிறது, வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் உண்மையில் நமக்கு ஒன்றும் தெரியாது, என்றைக்காவது ஒருநாள் பிடிபட்டு மானம் போகப்போகிறது என்ற பயம். இதற்கு இப்போது 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்று பெயர் சொல்கிறார்கள். அந்தப் பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அதை முழுக்க அனுபவித்த ஒருவரைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். அவர் முகத்தை நீங்கள் ரூபாய் நோட்டில் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

காந்தி என்றதும் உங்களுக்கு உப்பு சத்தியாகிரகமும் கைராட்டையும் நினைவுக்கு வரும். அதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் சொல்ல வந்தது, 21 வயதில் பாரிஸ்டர் பட்டம் வாங்கிவிட்டு, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தெரியாமல் தவித்த மோகன்தாஸின் கதை.

1869-இல் போர்பந்தரில் பிறந்த அவர், 1888-இல் சட்டம் படிக்க லண்டன் போனார். அங்கே சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தும், கூட்டத்தில் வாய் திறக்க முடியவில்லை. ஒருமுறை தன் கருத்தை எழுதியே கொண்டுபோனார். அதையும் படிக்கத் துணிவில்லாமல், வேறொருவர்தான் படித்தார். ஊர் திரும்பும்முன் நண்பர்களுக்கு விருந்து கொடுத்து, அதில் பேசுவதற்கு ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தார். முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

1891 ஜூன் 10-இல் பாரிஸ்டர் ஆனார். 12-ஆம் தேதியே கப்பல் ஏறினார். பட்டம் வந்ததே தவிர தைரியம் வரவில்லை. சட்டப் புத்தகம் படித்தாயிற்று, ஆனால் வழக்கு நடத்த யாரும் கற்றுத் தரவில்லை. பம்பாயில் பெரோஸ்ஷா மேத்தா போன்றவர்கள் நீதிமன்றத்தில் சிங்கம்போல் கர்ஜிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அவர்கள் பக்கத்தில் நான் எங்கே என்ற எண்ணம்தான் அவரை அரித்தது. லண்டனில் பிங்கட் என்ற ஆங்கிலேயரிடம் போய் இந்தப் பயத்தைச் சொன்னார். எல்லோரும் மேத்தா ஆக வேண்டியதில்லை, நேர்மையும் உழைப்பும் இருந்தால் பிழைப்புக்குப் போதும் என்று அவர் சொல்லி அனுப்பினார். கேட்டபோது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பம்பாய் வந்ததும் அந்த ஆறுதல் நிற்கவில்லை.

பம்பாயில் ஸ்மால் காஸ் கோர்ட்டில் மமிபாய் என்ற பெண்ணின் வழக்கு அவருடைய முதல் வழக்கு. கட்டணம் 30 ரூபாய். ஒரே நாளில் முடியக்கூடிய சிறிய வழக்கு. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. கேட்பதற்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார். அதன்பின் தென்னாப்பிரிக்கா போகும்வரை அவர் நீதிமன்றத்தில் வாதாட எழவில்லை.

வருமானம் இல்லாததால், தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க 75 ரூபாய் சம்பளத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டார். பட்டதாரி இல்லை என்று அதுவும் கிடைக்கவில்லை. லண்டன் பாரிஸ்டருக்குப் பள்ளி வேலைகூட இல்லை என்றால் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ராஜ்கோட் திரும்பி, அண்ணன் தயவில் வந்த மனுக்களை எழுதிக் கொடுத்துச் சம்பாதித்தார்.

1893-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தாதா அப்துல்லா கம்பெனிக்கு 40,000 பவுண்டு வழக்கு ஒன்று இருந்தது. வழக்கை நடத்தப் பெரிய வக்கீல்கள் ஏற்கெனவே இருந்தார்கள். இவர் அவர்களுக்கு உதவியாக இருக்க வேண்டும். ஓராண்டுக்கு 105 பவுண்டு. பாரிஸ்டராக அல்ல, கம்பெனியின் ஊழியராகத்தான் போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். போனார்.

போனபின் தெரிந்தது, வழக்கு முழுக்கக் கணக்கு வழக்கு என்று. கம்பெனி குமாஸ்தா பற்று, வரவு என்று சொல்லிக்கொண்டே போனார். இவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நடுவில் 'பி.நோட்' என்று ஒரு வார்த்தை வந்தது. அகராதியைப் புரட்டினார், கிடைக்கவில்லை. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்த எங்களுக்கு பி.நோட் என்பது தினசரிப் பேச்சு. குறிப்பிட்ட தொகையைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திடும் புரோநோட்டு, அவ்வளவுதான். ஆனால் பாரிஸ்டருக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது என்று எனக்குப் படுகிறது. மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்தக் குமாஸ்தாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நாம் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். காந்தி குமாஸ்தாவிடம் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு அர்த்தம் கேட்டார். பிறகு கணக்குப் பதிவு பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படித்தார். வழக்கு புரிய ஆரம்பித்தது. கொஞ்சம் தன்னம்பிக்கையும் வந்தது.

பிரிட்டோரியாவில் இரு தரப்புக் காகிதங்களையும் வரிவரியாகப் படித்தார். குஜராத்தியில் இருந்த கடிதங்களை மொழிபெயர்த்தார். கடைசியில் அந்த வழக்கின் விவரங்கள் இரு தரப்பாரையும்விட இவருக்குத்தான் அதிகம் தெரியும் என்ற நிலை வந்தது. இப்படியே போனால் இரு தரப்பும் வக்கீல் செலவிலேயே அழிந்துவிடும் என்று கண்டு, எதிராளி தையப் சேட்டையும் பேசிச் சம்மதிக்க வைத்து, மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோனார். தீர்ப்பு அப்துல்லா பக்கம். சுமார் 37,000 பவுண்டும் செலவும். ஒரே தவணையில் கேட்டால் தையப் சேட் திவாலாகிவிடுவார். நீண்ட தவணைக்கு அப்துல்லாவை ஒப்புக்கொள்ள வைத்ததும் இவர்தான். அதே பிரிட்டோரியாவில், வியாபாரத்தில் உண்மை என்பது பற்றி வியாபாரிகள் கூட்டத்தில் பேசவும் செய்தார். அவருடைய முதல் பொதுப்பேச்சு அது. விருந்தில் நின்றுபோன வாய் இங்கே நிற்கவில்லை, ஏனென்றால் இந்தமுறை பேசும் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

1894-இல் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிய மனுப் போட்டபோது, அங்கிருந்த வக்கீல் சங்கமே எதிர்த்தது. நீ இந்த இடத்துக்கு உரியவன் அல்ல என்று இப்போது மற்றவர்களே சொன்னார்கள். காந்தி பின்வாங்கவில்லை. நீதிமன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அதன்பின் சில மாதங்களில் டர்பனில் அவர் அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்தார். பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்து ரத்தம் வழிந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காந்தி முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப்போய், கடைசியில் வேறு முதலாளியிடம் வேலைக்கு மாற்றிக் கொடுத்தார். மூன்று ஆண்டுக்குமுன் ஒரு கேள்வி கேட்க முடியாமல் நீதிமன்றத்தை விட்டு ஓடியவர்தான் இவர். அன்றே தொழிலை விட்டிருந்தால், பாலசுந்தரம் யாரிடம் போயிருப்பார்?

கூச்சம் முழுவதும் போய்விட்டதா என்றால், இல்லை. அது கடைசிவரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பயம் தீர்ந்தபிறகு வேலை செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

எனவே, திங்கட்கிழமை அலுவலகம் போகும்போது உங்களுக்கும் அந்தப் பயம் வந்தால், எனக்கு ஒன்றுமே தெரியாது என்று மொத்தமாக நினைக்காதீர்கள். தெரியாதது எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியல் நீங்கள் பயந்த அளவு நீளமாக இருக்காது. அதில் முதல் வரியைப் பக்கத்து மேஜைக்காரரிடம் கேளுங்கள், அவர் உங்களைவிடச் சின்னப் பதவியில் இருந்தாலும் சரி. கணக்கு சம்பந்தமான சந்தேகம் என்றால் மாலையில் பூங்கா பெஞ்சில் என்னையும் கேட்கலாம்.