பேஸ்பால் ஆடிக் காசு வாங்கியதால் 2 ஒலிம்பிக் தங்கத்தை இழந்தவர்: யார் இந்த ஜிம் தோர்ப்?

அமெரிக்காவில் இன்று ஒரு கல்லூரி வீரர் ஷூ விளம்பரத்தில் நடிக்கலாம். தன் பெயரையும் படத்தையும் வைத்து லட்சக்கணக்கில் டாலர் சம்பாதிக்கலாம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 2021 ஜூலை 1 முதல் இதை அனுமதிக்கிறது. ஆனா, நூறு வருஷத்துக்கு முன் கதையே வேறு. அதற்குப் பெரிய விலை கொடுத்தவர் ஜிம் தோர்ப்.

பூர்வகுடிப் பிள்ளை

இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில் 1887-ல் பிறந்தவர். சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பூர்வகுடி இனம். பூர்வகுடிப் பிள்ளைகளை வெள்ளையர் வாழ்க்கைமுறைக்கு மாற்ற அரசு நடத்திய கார்லைல் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பள்ளி என்றுதான் பெயர். ஆனா அதன் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதியது. 1911-ல் ஹார்வர்டையே 18-15 என வீழ்த்தியது. அந்த ஆட்டத்தின் நாயகன் தோர்ப். டிக்கெட் வசூல் பள்ளியின் விளையாட்டு நிதிக்குப் போனது.

என்ன தப்பு செய்தார்?

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். ஊரே கொண்டாடியது. ஆனா 1913 ஜனவரியில் ஒரு பத்திரிகை குண்டு போட்டது. 1909, 1910 கோடை விடுமுறைகளில் தோர்ப் வட கரோலினாவில் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்பதுதான் செய்தி. அது சொற்பக் காசுதான். ஆனா காசு வாங்கி ஆடியவருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்பது அன்றைய அமெச்சூர் விதி.

அப்போ பல கல்லூரி மாணவர்கள் இப்படி ஆடினார்கள், பொய்ப் பெயரில். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடி மாட்டிக்கொண்டார். தெரியாமல் செய்ததாகக் கடிதம் எழுதியும் பலனில்லை. புகார் தர ஒலிம்பிக் முடிந்து 30 நாள்தான் கெடு. அது எப்போதோ தாண்டிவிட்டது. இருந்தும் பதக்கங்கள் பறிக்கப்பட்டன.

பெயர் மட்டும் விலைபோனது

பிறகு தொழில்முறை பேஸ்பால், ஃபுட்பால் என ஆடினார். இன்று என்எஃப்எல் எனப்படும் லீக் 1920-ல் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். ஓய்வுக்குப் பின் கையில் காசில்லை. சினிமாவில் துணை நடிகர், கட்டட வேலை என்று ஓட்டினார். தன் வாழ்க்கைக் கதையின் பட உரிமையை 1,500 டாலருக்கு விற்றுவிட்டார். 1951-ல் பர்ட் லங்காஸ்டர் நடிப்பில் அந்தக் கதை படமாக வந்தது. 1953-ல் கலிஃபோர்னியாவில் இறந்தார்.

இறந்த பிறகும் அவர் பெயருக்குக் கிராக்கி குறையவில்லை. சுற்றுலாவை வளர்க்க நினைத்த பென்சில்வேனியாவின் இரண்டு ஊர்கள், அவர் மனைவியோடு ஒப்பந்தம் போட்டு உடலை வாங்கி அடக்கம் செய்தன. இரண்டும் ஒரே ஊராகி ஜிம் தோர்ப் என்றே பெயரும் மாறின. உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவர மகன்கள் நடத்திய வழக்கு 2015-ல் தோல்வியில் முடிந்தது.

நீதி எப்போது வந்தது?

1982-ல் ஒலிம்பிக் கமிட்டி அவரை இணை சாம்பியனாக ஏற்றது. குடும்பத்துக்கு நகல் பதக்கங்கள் கிடைத்தன. 2022 ஜூலையில்தான் ஒரே சாம்பியன் என்று அறிவித்தது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. தோர்ப் இறந்து 69 வருஷம்.