ஆயிரம் பெண்மக்களின் தாய்: எலைசா அக்னியூ அம்மையார்

இனிமையாகப் பாடுகிறவர்களும் சபையில் நன்றாகப் பேசுகிறவர்களும் எந்த ஊரிலும் மதிக்கப்படுவார்கள். அவர்களைப் பார்த்து, ஆண்டவர் தமக்கு ஒரு வரமும் தரவில்லை என்று சோர்ந்துபோகும் சகோதரிகள் நம்மிடையே பலர். அவர்கள் அறியவேண்டிய வாழ்க்கை எலைசா அக்னியூ அம்மையாருடையது.

அம்மையார் 1807இல் பிறந்து நியூயோர்க்கில் வளர்ந்தார். எட்டு வயதில், பூகோள பாடத்தின்போது ஆசிரியை உலகப் படத்தில் மொரீசியஸ் தீவைக் காட்டினார். மிஷனரியாக வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சிறுவயதிலேயே அவருள் வேரூன்றியது. ஆயினும் வீட்டாரைப் பராமரிக்கும் கடமை இருந்தபடியால் முப்பது வயது கடந்தும் காத்திருந்தார். அக்கடமை முடிந்தபின் 1839இல் கப்பலேறி, அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். விவாகமாகாத பெண்ணொருவர் மிஷனரியாகக் கடல் கடந்து வருவது அந்நாளில் மிக அரிது.

ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையே அவருடைய ஊழியக்களமாயிற்று. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. அங்கே 1879 வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அம்மையார் கற்பித்தார். முதலில் படித்தவர்களின் மகள்மாரும், பின்னர் பேத்திமாரிற் சிலரும் அவரிடமே படித்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவிகள் அவர் கைப்பட வளர்ந்தார்கள். அவர்களில் அறுநூறு பேருக்கு மேல் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டனர். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்ற பெயர் அதனால் வந்தது.

அதே மிஷனில் பெருந்திறமையாளர் பலர் இருந்தனர். மைறன் வின்ஸ்லோ ஐயரின் தமிழ் ஆங்கில அகராதி அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களுடன் 1862இல் வெளிவந்தது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் வெளியிட்டார். அம்மையார் அப்படிப் பெயர் சொல்லும் நூல் ஒன்றையும் விட்டுச் செல்லவில்லை. பாடம் சொல்லிக்கொடுப்பதும், விடுமுறை வந்தால் கிராமங்களுக்குப் போய்ப் பழைய மாணவிகளைச் சந்திப்பதுமே அவருடைய வேலை. இடையில் ஒருமுறையேனும் தாய்நாடு போகாதது ஏன் என்று கேட்டவர்களுக்கு, அதற்கு நேரமிருக்கவில்லை என்றே அவர் சொன்னார்.

கற்பித்தல் இயற்கையான திறமையா, ஆவிக்குரிய வரமா? ரோமர் 12ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் போதித்தலையும், பகிர்ந்து கொடுத்தலையும், இரக்கஞ் செய்தலையும் வரங்களோடு சேர்த்தே எண்ணுகிறார். 1 கொரிந்தியர் 12இல் அற்புதங்களும் குணமாக்கலும் வரும் அதே வரிசையில் உதவி செய்தலும் வருகிறது. அந்த வரங்கள் எல்லாருடைய பிரயோசனத்துக்காகவும் தரப்பட்டவை என்றும் அங்கே சொல்லப்படுகிறது. பிறவியிலே வந்த திறமையும் தேவன் கொடுத்ததுதான். அதை வைத்திருப்பவர் தம் புகழுக்கே செலவிட்டால் அது அவரோடு முடிந்துவிடும். அவர் கையிலே ஒப்புவித்துப் பிறருக்காகச் செலவிட்டால் அது வரமாகிறது. அம்மையாரிடம் இருந்தது ஓர் ஆசிரியைக்குரிய திறமை. அதை நாற்பது ஆண்டு ஓரிடத்தில் நிலைத்திருக்கச் செய்தது ஆவியானவரின் கிருபை.

வடமராட்சியும் அந்த ஊழியத்துக்குத் தூரமாக இருக்கவில்லை. நமது நெல்லியடிக்கு அண்மையிலுள்ள உடுப்பிட்டியில் 1860களின் பிற்பகுதியில் அதே மிஷன் ஒரு பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது. உடுவிலில் விதைத்தது இப்பக்கத்திலும் முளைத்தது.

இளைப்பாறியபின் அம்மையார் மானிப்பாயில் தங்கியிருந்து, 1883 யூன் மாதம் எழுபத்தாறாவது வயதில் தேவனடி சேர்ந்தார். மரணப் படுக்கையில், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

நம்மில் ஒருவர் நன்றாகத் தைப்பார். ஒருவர் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒருவர் நோயாளியின் பக்கத்தில் பொறுமையாக இருப்பார். ஐந்து தாலந்து பெற்றவரிடம் கேட்டதைப் போலவே ஒரு தாலந்து பெற்றவரிடமும் எஜமான் கணக்குக் கேட்டார். கையிலிருப்பது சிறிதென்று புதைத்துவிடாமல், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காவது அதைப் பயன்படுத்துவோம்.