எதையும் தூக்கிப் போடாதவர் – ஹென்றி லாங்லுவா

வாழ்க்கை வரலாறு பகுதியில் காந்தி, எடிசன், மேரி கியூரி, ராமானுஜன் எல்லாரும் வந்தாச்சு. அதனால இந்தத் தடவை நம்ம சுவர்ல இதுவரை ஏறாத ஒருத்தரைப் பத்தி எழுதுறேன். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எந்தப் போரிலும் ஜெயிக்கவில்லை. பழைய சினிமாப் படச்சுருளையும் போஸ்டரையும் சேர்த்து வைத்தார், அவ்வளவுதான். ஆனா அதுக்காக ஒரு நாட்டோட அரசாங்கமே அவரிடம் பின்வாங்க வேண்டி வந்தது.

முதலில் இந்தத் தாளின் ஓரத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நான் வரைந்திருக்கும் ஆளைப் பாருங்கள். தலையில் தொப்பி, பாதி முகம் இருட்டில், கையில் துப்பாக்கி. பின்னால் சுவரில் ஜன்னல் நிழல் கோடு கோடாக விழுகிறது. (வாயில் சிகரெட்டும் உண்டு. ஐயா வேண்டாம் என்று சொன்னதால் அதை மட்டும் விட்டுட்டேன்.) 1940களில் வந்த அமெரிக்கக் குற்றப் படங்களின் போஸ்டர்கள் இப்படித்தான் இருக்கும். அந்தப் படங்களில் கதாநாயகன் முழு நல்லவனும் இல்லை, முழு கெட்டவனும் இல்லை. ராத்திரி, மழை, ஈரமான தெரு, யாரையும் நம்ப முடியாத ஒரு நிலைமை. போஸ்டரிலும் அதே இருட்டுதான். ஒரு பெண்ணின் பெரிய முகம், சாய்வாக எழுதிய மஞ்சள் எழுத்து, எங்கோ ஒரு மூலையில் சின்னதாக ஒருவன் ஓடுவான். பார்த்த உடனே ஏதோ தப்பு நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சுடும். கதையை ஒரு வரிகூட சொல்லாமல் பயத்தை மட்டும் சொல்வதுதான் இந்த போஸ்டர்களின் கெட்டிக்காரத்தனம்.

இந்தப் படங்களுக்கு ஃபிலிம் நுவார் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் நுவார் என்றால் கறுப்பு. அமெரிக்கப் படத்துக்கு எதுக்கு பிரெஞ்சுப் பெயர்னு நானும் யோசிச்சேன். 1940 முதல் 1944 வரை பாரிஸ் ஜெர்மானியர் கையில் இருந்தது. அமெரிக்கப் படங்களைத் தடை செய்திருந்தார்கள். போர் முடிந்த பிறகு, 1946இல், 'தி மால்டீஸ் ஃபால்கன்', 'டபுள் இன்டெம்னிட்டி', 'லாரா' என்று வரிசையாக எல்லாம் ஒரே சமயத்தில் பாரிசுக்கு வந்து இறங்கின. தனித்தனியாகப் பார்த்த அமெரிக்கர்களுக்குத் தெரியாத ஒற்றுமை, மொத்தமாகப் பார்த்த பாரிஸ்காரர்களுக்குத் தெரிந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் நீனோ பிராங்க் என்ற விமர்சகர் இந்தப் பெயரை எழுதினார். நம்ம ஆள் லாங்லுவாவும் அதே பாரிஸ்காரர்தான்.

ஆனால் பிறந்தது அங்கே இல்லை. 1914 நவம்பர் 13 அன்று ஸ்மிர்னா என்ற துறைமுக ஊரில் பிறந்தார். இன்று அது துருக்கியில் இஸ்மிர். பிரெஞ்சுக் குடும்பம். 1922 செப்டம்பரில் போரின் முடிவில் அந்த ஊரின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. குடும்பம் பாரிசுக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு எட்டு வயதுகூட முடியவில்லை. தெரிந்த ஊரே எரிஞ்சு போனதால்தான் பிற்காலத்தில் எதையும் விட மனசில்லாமல் போச்சோ என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம், பாடப்புத்தகத்தில் தேடாதீங்க.

படிப்பில் மனம் போகவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் தோற்றார். காரணம் சினிமா. (இதை வீட்டில் படித்துக் காட்ட வேண்டாம்.) அந்தச் சமயத்தில்தான் பேசும் படங்கள் வந்து ஊமைப் படங்களை ஓரம் கட்டியிருந்தன. ஊமைப் படச்சுருளை வாங்க ஆள் இல்லை. அதில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க மூட்டை மூட்டையாக அழித்தார்கள். 1935இல் லாங்லுவா தன் நண்பர் ஜார்ஜ் பிரான்ஜுவோடு சேர்ந்து ஊமைப் படங்களைத் திரையிட ஒரு கழகம் ஆரம்பித்தார். அடுத்த வருஷம், 1936இல், சினிமாதெக் பிரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகம் தொடங்கியது. அப்போ லாங்லுவாவுக்கு 21 வயசு! நம்ம அண்ணன்மார் கல்லூரி முடிக்கிற வயசு. கையில் இருந்ததோ பத்துப் படம். வீட்டுக் குளியல் தொட்டியில் படச்சுருளை அடுக்கி வைத்திருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த வீட்டில் மத்தவங்க எங்க குளிச்சாங்கன்னு தெரியலை.

ஜார்ஜ் மெலியே பெயர் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1902இலேயே நிலாவுக்கு ராக்கெட் விடும் படம் எடுத்தவர். அவர் நொடித்துப் போய், மனம் வெறுத்து, 1923இல் தன் படங்களின் நெகட்டிவ்களைத் தானே எரித்தார். பிறகு ரயில் நிலையத்தில் பொம்மை விற்றார். முதுமையில் ஓர்லி என்ற இடத்தில் சினிமாக்காரர்களுக்கான இல்லத்தில் தங்கியிருந்தார். லாங்லுவா அந்த வளாகத்தில் இருந்த ஒரு பழைய கட்டிடத்தில் படச்சுருளை வைத்து, சாவியை அவரிடமே கொடுத்தார். தன் படங்களை எரித்தவர் கையில் அடுத்தவர் படங்களின் சாவி. எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

போர்க் காலத்தில் படங்களை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. லோட்டே ஐஸ்னர் என்று ஒரு பெண்மணி, ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர், வேறு பெயரில் தெற்கு பிரான்சில் மறைந்திருந்தார். ஃபிஜாக் ஊர்ப் பக்கம் ஒரு பழைய கோட்டையில் லாங்லுவா ஒளித்து வைத்திருந்த டப்பாக்களைத் திறந்து பார்த்துப் பட்டியல் போட்டது அவர்தான். சாப்ளின் ஹிட்லரைக் கிண்டல் செய்த 'தி கிரேட் டிக்டேட்டர்' படமும் அதில் இருந்ததாம். மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும், நினைச்சுப் பாருங்க.

மற்றவர்கள் நல்ல படத்தை மட்டும் காப்பாற்றுவோம் என்றார்கள். லாங்லுவா அப்படிப் பொறுக்கவில்லை. இன்றைக்கு எது நல்லது என்று நமக்கு எப்படித் தெரியும் என்பது அவர் எண்ணம். படத்தோடு நிறுத்தவும் இல்லை. போஸ்டர், திரைக்கதைத் தாள், காமிரா, நடிகர் போட்ட உடை எல்லாத்தையும் சேர்த்தார். போஸ்டரைச் சேர்ப்பது அப்போ எவ்வளவு வினோதம் என்று புரிய ஒன்று சொல்கிறேன். அமெரிக்க போஸ்டர் 27 அங்குல அகலம், 41 அங்குல உயரம். மடித்துத்தான் தியேட்டருக்கு வரும். 1940க்குப் பிறகு நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற கம்பெனிதான் பெரும்பாலும் அனுப்பியது. படம் ஓடி முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும், அதே போஸ்டர் அடுத்த ஊருக்குப் போகும். கிழிந்தால் குப்பை. போர்க் காலத்தில் பழைய காகிதம் என்று எடை போட்டும் போனது. பொதுமக்களுக்கு விற்பதே கிடையாது. அதனால் ஃபிலிம் நுவார் காலத்து போஸ்டர்களில் சிலவற்றுக்கு உலகம் பூரா ஒன்றிரண்டு பிரதிதான் மிச்சம். ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த 'காசாபிளாங்கா'வின் 1946 இத்தாலிய போஸ்டர் 2017இல் ஏலத்தில் 4,78,000 டாலருக்குப் போனது. அது போட்ட நாளில் சுவரில் பசை தடவி ஒட்டுகிற காகிதம்!

1948இல் மெசின் அவென்யூவில் ஒரு சின்னத் திரையரங்கு திறந்தார். அங்கே முன்வரிசையில் வந்து உட்கார்ந்த பையன்கள் யாரு தெரியுமா? ட்ரூஃபோ, கோதார், ரிவெட். பின்னால் பிரெஞ்சு சினிமாவையே மாற்றியவர்கள். கோதாரின் முதல் முழுநீளப் படமான 'பிரெத்லெஸ்' (1960) படத்தில், கதாநாயகன் ஒரு தியேட்டர் வாசலில் போகார்டின் போஸ்டர் முன்னால் நின்று அவரைப் போலவே உதட்டைத் தடவுவான். அந்த போஸ்டர் போகார்டின் கடைசிப் படமான 'தி ஹார்டர் தே ஃபால்' படத்துடையது. ஒரு போஸ்டரைப் பார்த்து ஒருத்தன் தன்னை மாத்திக்க நினைக்கிறான். நம்ம பசங்க ஹீரோ மாதிரி தலை வாருவதும் இதே வியாதிதான்.

லாங்லுவாவிடம் குறையே இல்லையா? இருந்தது, நிறைய. கணக்கு வழக்கு சரியாக வைக்க மாட்டார். எது எங்கே இருக்கிறது என்பது பாதி அவர் தலைக்குள். பழைய படச்சுருள் சட்டென்று தீப்பிடிக்கும் நைட்ரேட் வகை. 1959 ஜூலையில் கூர்செல் தெருவில் வெயிலில் வைத்திருந்த சுருள்கள் தீப்பிடித்து நிறையப் படங்கள் போயின. லண்டன் காப்பகத்தில் எர்னஸ்ட் லிண்ட்கிரென் என்பவர் நேர் எதிர். காப்பாற்ற வைத்திருக்கும் பிரதியை யாருக்கும் ஓட்டிக் காட்ட மாட்டார். ஓட்டினால் தேயும். லாங்லுவாவோ காட்டினால்தான் படம் உயிரோடிருக்கும் என்று தினமும் ஓட்டினார். இதைச் சொன்னதும் எங்க வகுப்பில் பட்டிமன்றமே நடந்துச்சு. பாதிப்பேர் லிண்ட்கிரென் கட்சி. எனக்கு ரெண்டு மனசு. பட்டியல் போடாதது தப்புதான். ஆனா பூட்டியே வச்சிருந்தா கோதார் எங்கிருந்து வந்திருப்பார்?

அரசாங்கத்துக்கும் இந்த ஒழுங்கீனம் பிடிக்கவில்லை. பண உதவி செய்தது அவர்கள். 1968 பிப்ரவரி 9 அன்று லாங்லுவாவை நீக்கினார்கள். அப்போது கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ. சும்மா விட்டார்களா? சாப்ளின், ஹிட்ச்காக், குரோசாவா எல்லாம் தங்கள் படங்களை அங்கே இனி காட்டக் கூடாது என்று தந்தி அடித்தார்கள். பிப்ரவரி 14 அன்று ஊர்வலம். போலீஸ் தடியடியில் ட்ரூஃபோவுக்கும் கோதாருக்கும் அடி. ஏப்ரல் 22 அன்று லாங்லுவா மறுபடி பதவிக்கு வந்தார். ஆனால் அரசுப் பணம் பெரிதும் குறைந்து போனது. வெற்றிக்கு விலை கொடுத்தார்.

1972இல் ஷயோ அரண்மனையில் அவர் கனவு கண்ட சினிமா மியூசியம் திறந்தது. போஸ்டர்கள், உடைகள், 'சைக்கோ' படத்தில் வரும் அந்தப் பயங்கரத் தாயின் தலை எல்லாம் அதில் உண்டு. 1974இல் கௌரவ ஆஸ்கார் விருது கிடைத்தது. 1977 ஜனவரி 13 அன்று 62 வயதில் இறந்தார். 1980இல் லெ போன்டெல் கிடங்கில் தீ, 1997இல் ஷயோ அரண்மனைக் கூரையில் தீ. மியூசியம் மூடப்பட்டது. தப்பிய பொருள்களைக் காப்பாற்றிக் கொண்டு சினிமாதெக் 2005இல் பெர்சி என்ற இடத்துக்கு மாறியது.

மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதன் மேல்பரப்பு முழுக்க சினிமாக் காட்சிகள், சின்னச் சின்னப் படங்களாக.

ஒரு வேண்டுகோள். அடுத்த மாசம் புதுத் தாள் ஒட்டுறவங்க இதைக் கிழிக்காம, பின்னை மெதுவா எடுத்துக் கழட்டி எங்கிட்ட குடுங்க. ஓரத்தில் இருக்கிற தொப்பிக்காரரை வரைய மூணு நாள் ஆச்சு.