பருத்திக் காட்டிலிருந்து ஒரு குரல்

ஜானி கேஷ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது சித்தப்பாவின் லாரியில்தான். ஆங்கிலம் அதிகம் பேசாத மனிதர் அவர். ஆனாலும் அந்தக் கனத்த குரலுக்காகவே ஒரு பழைய ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பப் போடுவார். கறுப்பு உடையில் மேடையேறும் அமெரிக்கப் பாடகர், 1968இல் ஃபோல்சம் சிறைக்குள்ளேயே சென்று கைதிகளுக்குப் பாடியவர் என்ற அளவில் நம்மில் சிலர் அவரை அறிந்திருக்கலாம். அவருடைய சிறு வயதைப் பற்றிப் படித்த பின்னர்தான் அந்தக் குரலின் கனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிடிபட்டது.

1932 பிப்ரவரி 26ஆம் நாள், ஆர்கன்சா மாநிலத்தின் கிங்ஸ்லாந்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ஜே.ஆர். என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே. அது அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் உலுக்கிய நேரம். 1931இல் பருத்தி விலை ஒரு பவுண்டுக்கு 6 சென்டுக்கும் கீழே போயிருந்தது. தந்தை ரே கேஷ் வேலை தேடிச் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு அலைந்தார்.

1934இல் அரசாங்கம் அதே மாநிலத்தின் வடகிழக்கில், சதுப்புக் காட்டை வெட்டி டயஸ் என்ற குடியேற்றத்தை உருவாக்கியது. ஏறக்குறைய 500 குடும்பங்களுக்கு நிலம், வீடு, கோவேறு கழுதை, முதல் விளைச்சல் வரை மளிகை. எல்லாமே கடன், இலவசம் அல்ல. நடுவில் பருத்தி ஆலை, கடை, பள்ளி, மருத்துவமனை என்று ஒரு சின்னஞ்சிறு பட்டணம். 1935 மார்ச்சில், மூன்று வயது ஜே.ஆர். லாரியில் அங்கு வந்து சேர்ந்தான். ஐந்து அறை வீடு, இருபது ஏக்கர் நிலம். மின்சாரம் மட்டும் கிடையாது. அதுவரை வாடகை வீடுகளில் இருந்தவர்களுக்கு அது அரண்மனையாகத்தான் தெரிந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த 500 குடும்பங்களும் வெள்ளையர்கள். அதே மாநிலத்தில் அதே பருத்தியை வாரத்துக்குப் பயிரிட்டுப் பட்டினி கிடந்த கறுப்பின மக்களுக்கு அங்கு இடமில்லை. கேஷ் குடும்பத்தின் அதிர்ஷ்டத்தில் இந்த அநியாயமும் கலந்தே இருந்தது.

1937 ஜனவரி வெள்ளத்தில் குடும்பமே வீட்டை விட்டு வெளியேறியது. திரும்பி வந்தபோது எங்கும் சேறு. ஆனால் வெள்ளம் விட்டுப்போன கரிய வண்டலில் பருத்தி அமோகமாக விளைந்தது. பின்னாளில் 1959இல் இந்த வெள்ளத்தையே பாட்டாக்கிவிட்டார்! ஐந்து வயதில் வயலுக்குத் தண்ணீர் சுமந்த பையன், சில ஆண்டுகளில் நீளமான சாக்கை இழுத்துக்கொண்டு பருத்தி எடுத்தான். அம்மா கேரி வயலில் பாடுவார்; பிள்ளைகளும் சேர்ந்து பாடுவார்கள். இரவில் பேட்டரி வானொலி.

அண்ணன் ஜேக் இரண்டு வயது மூத்தவன். போதகராக வேண்டும் என்று எப்போதும் வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பான். தம்பிக்கு அவன்தான் எல்லாம். 1944 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மீன் பிடிக்கப் போகலாம் என்று தம்பி கெஞ்சினான். மர வேலை செய்தால் மூன்று டாலர் கிடைக்கும், வீட்டுக்கு அது தேவை என்று ஜேக் மறுத்துவிட்டான். தம்பி தனியாகத் தூண்டிலோடு போனான். அன்று சுழலும் ரம்பம் ஜேக்கின் வயிற்றைக் கிழித்தது. ஒரு வாரம் உயிருக்குப் போராடி மே 20இல் இறந்தான். வயது பதினான்கு.

அடக்கம் செய்த மறுநாளே குடும்பம் பருத்தி வயலில் களையெடுத்தது. களை யாருடைய துக்கத்துக்கும் காத்திருக்காது; கடனும் அப்படித்தான். அம்மா வரப்பிலேயே மண்டியிட்டுச் சரிந்தார். கணவர் தூக்க வந்தபோது, கடவுள் எழுப்பும்போது எழுந்துகொள்வேன் என்று கையை விலக்கிவிட்டார். பன்னிரண்டு வயது மகன் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தப் பகுதியைப் படித்த இரவு என்னால் புத்தகத்தைத் தொடர முடியவில்லை.

அதன் பிறகும் அந்த அம்மா அசரவில்லை. பிறர் துணிகளைத் துவைத்துக் கொடுத்து மகனுக்குப் பாட்டுப் பயிற்சிக்குக் காசு சேர்த்தார். மூன்றாவது வகுப்போடு ஆசிரியை நிறுத்திவிட்டார். இந்தக் குரலை யாரும் மாற்றக் கூடாது என்பது அவர் கருத்து. 1950இல் பள்ளிப் படிப்பை முடித்து ஜே.ஆர். விமானப்படைக்குப் போனார். புகழ், போதை மாத்திரை, மீட்சி என்று பின்னர் நடந்தவை ஊரறிந்த கதை. 2003 செப்டம்பர் 12இல் மறைந்தார். அண்ணனைப் பற்றிக் கடைசி வரை பேசிக்கொண்டே இருந்தார்.

டயஸ் வீட்டை ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழகம் சீரமைத்து 2014இல் திறந்தது. 2024இல் அம்மாநிலம் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு இரண்டு புதிய சிலைகளை அனுப்பியது. ஒன்று ஜானி கேஷ். மற்றொன்று, 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிக்குள் நுழையத் துணை நின்ற டெய்சி பேட்ஸ் அம்மையார்.