வெறுங்காலணியின் தலைவர் சிவதாஸ் பாதுரி



எத்தாளைக் கரையில் வெயில் தாழ்ந்ததும் வெறுங்காலோடு பந்து உதைக்கும் சிறுவரை நீங்கள் அறிவீர்கள். சப்பாத்து வாங்க வசதியில்லையே என்று மனங்குன்றும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அவனுக்குச் சிவதாஸ் பாதுரியின் கதையைச் சொல்லுங்கள்.

1887ஆம் ஆண்டு பிறந்த சிவதாஸ், கிழக்கு வங்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். கால்நடை வைத்தியத் துறையில் உத்தியோகம் பார்த்தார். மெலிந்த உடல், ஆனால் பந்து காலில் பட்டால் பிடிக்க முடியாத வேகம். உதைபந்தாட்டம் ஆங்கிலேயரோடு கல்கத்தாவுக்கு வந்த விளையாட்டு. அதை வங்காளிகள் தமதாக்கிக் கொண்டது பாடசாலை, கல்லூரி மாணவர்களாலேயே. அந்தச் சூழலில் 1889இல் பிறந்தது மோகன் பகான் கழகம். 1905இல் கிளாட்ஸ்டன் கிண்ண இறுதியாட்டத்தில் அக்கழகம் டல்ஹவுசி அணியை 6–1 என வென்றபோது, நான்கு கோல்களைப் போட்டவர் சிவதாஸ். 1906 முதல் 1908 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டிரேட்ஸ் கிண்ணமும் கழகத்துக்கே கிடைத்தது.

ஆயினும், 1893இல் தொடங்கிய இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்தை இந்தியர் எவரும் அதுவரை தொட்டதில்லை. அது பெரும்பாலும் வெள்ளைப் படையணிகளின் சொத்தாகவே இருந்து வந்தது. 1911இல் சிவதாஸின் தலைமையில் மோகன் பகான் அதற்குக் களமிறங்கியது. பதினொருவரில் பத்துப் பேருக்குக் காலில் ஒன்றுமில்லை. சப்பாத்து அணிந்தவர் கல்லூரி ஆசிரியரான சுதிர் சட்டர்ஜி என்ற கிறிஸ்தவர் ஒருவரே. அபிலாஷ் கோஷ் ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரி மாணவர். சிவதாஸின் அண்ணன் விஜயதாஸும் அணியில் இருந்தார்.

முதலாவது ஆட்டம் யேசுசபைத் துறவிகளின் புனித சவேரியார் அணியோடு. 3–0 என வெற்றி. அடுத்து ரேஞ்சர்ஸ், பின்னர் ரைபிள் பிரிகேட். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையணியோடு முதலில் சமநிலை, மறுஆட்டத்தில் 3–0.

ஜூலை 29. எதிரில் ஈஸ்ட் யோர்க்ஷயர் படையணி. தூர ஊர்களிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் சனம் வந்து குவிந்தது. மைதானத்தை எட்டிப் பார்க்கவும் முடியாமல் தொலைவில் நின்றோருக்குக் கோல் நிலவரத்தைப் பட்டம் ஏற்றி அறிவித்தார்களாம். முதற்கோல் படையணிக்கே. சில நிமிடங்களில் சிவதாஸ் அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து மறுபடியும் அவர் காலுக்கு வந்தது. எதிரிகளைக் கடந்து முன்னேறினார். வரலாற்றில் தம் பெயரைப் பொறிக்கும் அந்தக் கோலைத் தாமே அடிக்க அவர் நினைக்கவில்லை; வசதியான இடத்தில் நின்ற அபிலாஷுக்குப் பந்தைக் கொடுத்தார். கோல்! கேடயம் முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது.

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். நமது ஊர்க் கழகங்களில் பிணக்குகள் எங்கே தொடங்குகின்றன? கோல் அடித்தவர் யார், மாலை யாருக்கு என்பதில் அல்லவா? விளையாட்டில் மட்டுமா? சங்கத்திலும் குடும்பத்திலுங்கூட, பந்தைத் தம் காலிலேயே வைத்திருக்க விரும்புவோரால்தான் வெற்றி கைநழுவிப் போகின்றது. பத்துப் பேரின் உழைப்பைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளாதவனே தலைவன்.

அந்த ஒரு வெற்றியால் அந்நிய ஆட்சி வீழ்ந்துவிடவில்லை. ஆனால் சப்பாத்துக் காலைக் கண்டு ஒதுங்கிய அச்சம் தளர்ந்தது. மீண்டும் ஓர் இந்திய அணி அக்கேடயத்தை வெல்ல 1936 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதைக் காணச் சிவதாஸ் இருக்கவில்லை. 1932இல், நாற்பத்தைந்து வயதை எட்டிய அளவில் மறைந்தார். ஜூலை 29ஐ மோகன் பகான் கழகத்தார் இன்றும் தங்கள் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

உங்கள் பிள்ளைக்கு முடியுமானால் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன்னே, பந்தைப் பகிரக் கற்றுக் கொடுங்கள்.