வழி அடைபட்ட காலம்: வ. வே. சு. ஐயர்

தமிழ்ச் சிறுகதையின் தந்தை என்று வ. வே. சு. ஐயர் பெயரை எழுதிப் பரீட்சையில் புள்ளி பெற்ற மாணவர் நம் கல்லூரியில் பலராவர். அவ் ஒற்றை விடைக்கு அப்பால் அவர் வாழ்வை அறிந்தோர் சிலரே. கதையெழுத வேண்டுமென்றா அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார்? பாரிஸ்டர் ஆகவேண்டுமென்று கடல் கடந்தவர் அவர். திரும்பிவரும் வழி அடைபட்டமையாலேயே எழுத்தாளர் ஆனார். அவ் வரலாற்றை இம் மலரில் ஒருவாறு கூற விழைகின்றோம்.

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தவர் வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து வ. வே. சு. ஆயிற்று. திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியிற் பயின்று பி. ஏ. பட்டம் பெற்றார், இலத்தீன் மொழியும் கற்றார். வக்கீல் பரீட்சை தேறி உள்ளூர் நீதிமன்றத்திற் சில காலம் தொழில் செய்தபின் இரங்கூனுக்குச் சென்று, அங்கே ஆங்கிலேய பாரிஸ்டர் ஒருவரிடம் உதவியாளராக அமர்ந்தார். அங்கிருந்தே 1907ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கப்பலேறி லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கல்விக்கூடத்திற் சேர்ந்தார். சில ஆண்டுகளிற் பட்டத்தோடு மீள்வார் என்று வீட்டார் எதிர்பார்த்திருந்தனர்.

இலண்டனிலோ நிகழ்ந்தது வேறு. இந்திய மாணவர் தங்கியிருந்த இந்தியா விடுதியில் சாவர்க்கரோடு அவருக்கு நட்பு உண்டாயிற்று. சட்டப் புத்தகத்தை விரித்தவர் இத்தாலிய விடுதலை வரலாற்றில் மூழ்கினார். பாரதியார் நடத்திய இந்தியா பத்திரிகைக்கு இலண்டனிலிருந்து கடிதங்கள் எழுதினார். 1909ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மதன்லால் திங்ரா என்னும் இளைஞர் கர்சன் வைலியைச் சுட்டுக்கொன்ற பின்னர், அவ் விடுதியோடு தொடர்புடைய ஒவ்வொருவர் பின்னும் ஒற்றர் நடந்தனர். 1910 மார்ச்சு மாதத்தில் சாவர்க்கர் சிறைப்பட்டார். ஐயரையும் பிடிக்க ஆணை பிறந்தது. அவர் பாரிஸ்டர் பட்டத்தைக் கைவிட்டுப் பாரிசு நகருக்குத் தப்பினார்.

இந்தியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சாவர்க்கர், வழியில் மார்செய் துறைமுகத்திற் கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறினார். அவரை ஏற்றிச் செல்ல வந்த ஐயரும் காமா அம்மையாரும் சிறிது பிந்திவிட்டனர் என்பர். அதற்குள் காவலர் அவரை மீண்டும் பிடித்துக் கப்பலிற் சேர்த்துவிட்டனர். அந்த 1910 யூலை மாதத்தின் பின்னர் ஐயருக்கு ஐரோப்பாவில் இருக்கையும் இல்லை. ஊருக்குச் செல்ல நேர்வழியும் இல்லை. பிரித்தானியக் கொடி பறந்த எத் துறைமுகத்திலும் அவரைக் காவலர் எதிர்பார்த்திருந்தனர்.

தாடி வளர்த்து, உடையை மாற்றி, பல நாடுகளைச் சுற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். பெட்டியிலிருந்த வ. வே. சு. என்பதன் ஆங்கில எழுத்துக்களைக் கண்டு ஐயுற்றவரிடம், தாம் வீர விக்கிரம சிங் என்னும் சீக்கியர் என்று கூறித் தப்பினார் என்றொரு செய்தி வழங்குகிறது. பெயரின் முதலெழுத்துக்கள் ஒருவரைக் காட்டிக்கொடுப்பதும் காப்பாற்றுவதும் ஒருங்கே நிகழ்ந்த இச் செய்தியை எம் வகுப்பு மாணவர் மறப்பதேயில்லை. பின்னர் முஸ்லிம் ஒருவர் கோலத்தில், 1910ஆம் ஆண்டின் இறுதியில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். வேடத்துக்கென வளர்த்த தாடியை அதன்பின்னும் அவர் களையவில்லை.

புதுச்சேரியிலிருந்து திருச்சி ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஒரு பகற்பொழுதிற் சென்றுவிடக்கூடிய தூரம். அத் தூரத்தைக் கடக்க ஐயருக்குப் பத்தாண்டு ஆயிற்று. ஏழு கடல் தாண்டி வந்தவருக்கு எல்லையிலிருந்த சுங்கச் சாவடியைத் தாண்ட இயலவில்லை. மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவருக்கு இந் நிலையை விளக்க வேண்டியதில்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றுப் பயணத்துக்குக் காத்திருந்தோர் பலர், நாட்டிற் கலவரமும் போரும் மூண்டு 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது இங்கேயே தங்கிவிட நேர்ந்தது. பெட்டி கட்டியிருந்தும் புறப்பட முடியாத வீடுகளை நாம் அறிவோம்.

புதுச்சேரியில் ஐயருக்கு முன்னரே பாரதியார் 1908 முதல் இருந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்து சேர்ந்திருந்தார். தனிமை இல்லையெனினும் அமைதியும் இல்லை. 1911 யூன் 17ஆம் நாள் மணியாச்சிப் புகைவண்டி நிலையத்திற் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயரே என்று அரசினர் கருதினர். அன்று முதல் ஒற்றர் தொகை பெருகிற்று.

1914ஆம் ஆண்டு போர் மூண்டது. செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கிற்று. தந்திரசாலியை எம்டன் என்று நாம் இன்றும் அழைப்பது அக் கப்பலாற் பிறந்த வழக்கு. புதுச்சேரியில் இருந்தோரே பகைவருக்குத் துணை நிற்கின்றனர் என்று பிரித்தானியர் குற்றஞ்சாட்டி, அவர்களை ஆபிரிக்காவுக்கு நாடுகடத்துமாறு பிரெஞ்சு அதிகாரிகளை நெருக்கினர்.

இவ்விடத்தில் ஐயர் செய்த செயலே நாம் இக் கட்டுரையை எழுதத் தூண்டியது. ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டால் மீளப்போவதில்லை என்று அவர் எண்ணினார். அதற்கு முன்னர்த் தம் பெயரால் ஒன்று நிலைக்கவேண்டும் என்று கருதித் திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்க்கலானார். அறம், பொருள் என்று நிறுத்தாமல் இன்பத்துப்பாலும் சேர்த்து 1330 குறளையும் பெயர்த்தார். அம் மொழிபெயர்ப்பு 1916இல் வெளியாயிற்று. நாளை கப்பலேற்றிவிடுவரோ என்று அஞ்சிக்கொண்டு ஒருவர் இவ்வளவு பொறுமையாகச் சொல்லைத் தேர்ந்தார் என்பதை அந் நூலைக் கையிலெடுக்கும் மாணவர் நினைத்துக்கொள்ளல் வேண்டும். போப்பையர் செய்யுளாகப் பெயர்த்ததை அறிந்தோர் ஐயருடைய உரைநடையையும் ஒப்பிட்டு நோக்குக. பொருளை விடாது பற்றுவதில் ஐயரே மேம்பட்டவர் என்பது எம் கருத்து. நல்வாய்ப்பாக, நாடுகடத்தல் நிகழவில்லை.

கதைகளும் அக்காலத்தனவே. குளத்தங்கரை அரசமரம் 1915இல் விவேகபோதினி இதழில், அவர் மனைவியாராகிய பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில் வந்தது. அதில் தாகூர் கதையொன்றின் சாயல் உண்டென்று ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். இருப்பினும் மரமே கதை சொல்லும் அந்த நடை தமிழுக்கு வேரூன்றிவிட்டது. கம்ப நிலையம் என்னும் பெயரால் நூல் வெளியிடும் பணியையும் அவர் நடத்தினார்.

1919 டிசம்பரில் மன்னரின் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. 1920இல் ஐயர் எல்லை கடந்தார். பாரிஸ்டர் அங்கி அணிய வேண்டியவர், திரு. வி. க. நடத்திய தேசபக்தன் பத்திரிகைக்கு ஆசிரியரானார். துப்பாக்கியை நம்பியவர் காந்தியடிகளின் நெறியை ஏற்றார். ஆயினும் 1921இல் அரச நிந்தனைக் குற்றத்தின் பேரில் ஒன்பது மாதம் சிறை சென்றார். பெல்லாரிச் சிறையிலிருந்தே கம்பராமாயணத்தைப் பற்றிய ஆங்கில ஆராய்ச்சியை எழுதினார். அடைபட்ட இடமெல்லாம் அவருக்கு எழுதும் அறையாயிற்று போலும்.

1922இல் சேரன்மாதேவியிற் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். தாய்மொழிக் கல்வியோடு கைத்தொழிலும் கற்பித்த அது, ஆசிரியராகிய நாம் கவனிக்கத்தக்க முயற்சி. பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவளித்ததை ஐயர் அனுமதித்தார். பொதுப் பணம் பெற்ற நிலையத்தில் இவ் வேற்றுமை தகாது என்று வரதராசுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியாரும் கண்டித்தனர். பெரியவர் ஒருவர் வரலாற்றை எழுதுவோர் இதனை மூடிச்செல்லுதல் முறையன்று. கண்டித்தவர் பக்கமே நியாயம் இருந்தது. நாடுகள் பலவற்றை மாறுவேடத்திற் கடந்தவர், பந்தியிலிட்ட எல்லையைக் கடக்கத் தயங்கியது வியப்பே. அவ் வழக்குச் சூடாக இருந்தபோதே அவர் பொறுப்பினின்று நீங்கினார்.

அடுத்து நேர்ந்ததைச் சுருங்கச் சொல்வோம். 1925 யூன் மாதத் தொடக்கத்தில் பாபநாசம் மலையிலுள்ள கல்யாண தீர்த்தத்துக்குக் குருகுலத்துப் பிள்ளைகளோடு சென்றார். அவர் மகள் சுபத்திரை அருவி நீரில் இழுபட்டாள். மீட்கக் குதித்த தந்தையும் அவளோடு மறைந்தார். அவருக்கு அப்போது வயது 44. பெல்லாரிச் சிறையில் எழுதிய கம்பராமாயண ஆராய்ச்சி, 1950இல் தில்லித் தமிழ்ச் சங்கத்தார் பதிப்பித்தபின்னரே நூலாகக் கிடைத்தது.