சேலத்து முதலாளியும் எங்கள் துப்பாக்கியும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



சங்க மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி நமது செயலாளர் கேட்டார். காந்தியடிகள், காமராசர், அப்துல் கலாம் எல்லோரையும் மற்ற துறைக்காரர்கள் முன்னாலேயே பிடித்துக்கொண்டார்கள். பரவாயில்லை, நான் நினைத்து வைத்திருந்தவர் வேறு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம் அவர்கள். பாலிடெக்னிக் மலரில் சினிமாக்காரருக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். அதற்கு முதலில் எங்கள் துப்பாக்கிக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு விஞ்ஞான நாடகம். வேறு கிரகத்துப் படைவீரன் ஒருவன் ஒரகடத்தில் வந்து இறங்கி, ஊர் திரும்ப வழியில்லாமல் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்கிற கதை. அவன் கையில் ஒரு துப்பாக்கி வேண்டும். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ ஆங்கிலப் படத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் தூக்கி வருவார்களே, அதே மாதிரி செய்வது என்று முடிவாகி வேலை என் தலையில் விழுந்தது.

ஒன்றேகால் இஞ்ச் பிவிசி பைப்பை எடுத்தோம். பேப்பரில் டிராயிங் போட்டு, அதைப் பைப்பின் மேல் சுற்றி ஒட்டி, வரிசையாக ஓட்டை போட்டோம். குழலின் மேல் நீளவாக்கில் ஓடும் பட்டைகளுக்கு, எலெக்ட்ரீஷியன்கள் சுவரில் ஒயர் மறைக்க அடிக்கும் கேசிங் கேப்பிங் துண்டுகள். மேலே உள்ள டெலஸ்கோப்புக்கு, ஸ்கிராப் பெட்டியில் கிடந்த அலுமினிய ராடை லேத்தில் கடைந்தேன். இடுக்கெல்லாம் எம்-சீல். ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே கறுப்பு பெயின்ட். காய வைத்து எடுத்துப் பார்த்தால்... திருவிழாக் கடையில் தொங்கும் பொம்மைத் துப்பாக்கி! பளபளன்னு சிரிக்குது. பசங்க பண்ணின கேலி கொஞ்சநஞ்சம் இல்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப் சார் சேலத்துக்காரர். பார்த்துவிட்டு அவர் திட்டவில்லை. எங்க ஊர் சுந்தரம் முதலாளி 1952-லேயே யானைக்கு ரோமம் போர்த்தி ஊரை நம்ப வைத்தார், உனக்கு ஒரு பைப்பை நம்ப வைக்க வரலையா என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். யார் இந்த முதலாளி என்று நான் தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

சுந்தரம் அவர்கள் 1907 ஜூலை 16 அன்று திருச்செங்கோட்டில் பிறந்தார். நூல் வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகருக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். இந்த இடத்தைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். எங்கப்பா பட்டுத் தறி நெய்தவர். கட்டுப்படியாகாமல் தறியை விற்றுவிட்டு, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் செக்யூரிட்டியாக இருக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நூலை விற்ற வீட்டுக்கும் நூலை நெய்த வீட்டுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். சுந்தரம் அவர்கள் வசதியில் பிறந்தவர்தான், அதை மறைத்து எழுதக் கூடாது. ஆனால் நெசவு படித்த ஒரு மனிதர் அந்தப் படிப்பைக் கொண்டுபோய் எதில் போட்டார் என்பதுதான் விஷயம்.

இங்கிலாந்தில் கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்து ஊர் திரும்பினார். சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனியில் பங்குதாரர் ஆனார். அந்தக் காலத்தில் தமிழ்ப் படம் எடுக்கணும்னா கல்கத்தா, பம்பாய், பூனா என்று மூட்டை கட்டிக்கொண்டு போகணும். நடிகர், சமையல்காரர், வாத்தியக்காரர் எல்லாரும் ரயில் ஏறணும். கச்சாப் பொருளை ஆயிரம் மைல் தூக்கிப் போய்ச் சரக்காக்கித் திரும்பத் தூக்கி வருகிற வியாபாரம் எந்த மில்லுக்காவது கட்டுப்படியாகுமா? 1935-வாக்கில் ஏற்காடு ரோட்டில் சொந்தமாகவே ஸ்டூடியோ தொடங்கினார். அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ். 1937-இல் முதல் படம் ‘சதி அகல்யா’. அடுத்த வருஷமே மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ அங்கிருந்து வந்தது. அதற்குக் கேமரா பிடித்தவர் போடோ குட்ஸ்வாகர் என்ற ஜெர்மானியர்.

ஸ்டூடியோவை அவர் ஒரு பேக்டரி மாதிரி நடத்தினார் என்று எல்லாருமே எழுதுகிறார்கள். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேபரட்டரி, தச்சுப் பட்டறை எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். ஆட்களுக்கு மாதச் சம்பளம். வேலை நேரத்தில் கறார். நடிகரானாலும் லைட் தூக்குகிறவரானாலும் ஒரே சட்டம்தான், எல்லாருக்கும் அவர் முதலாளி. இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது வரிசையாக வருகிற கேட்டுகளைப் பார்க்கிறேன். ஷிப்ட், பஞ்ச், லைன், டார்கெட். கதையும் பாட்டும் கண்ணீரும் இப்படி ஒரு கேட்டுக்குள் இருந்து தயாராகி வந்தது என்றால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கு. இந்தக் கறாரில் மனசு நொந்தவர்களும் இருந்திருப்பார்கள். கேட்டுக்குள் வேலை பார்க்கிறவர் பிள்ளைக்கு அது தெரியாதா?

1940-இல் ‘உத்தம புத்திரன்’. பி.யு. சின்னப்பாவுக்கு அதில் இரட்டை வேடம், தமிழில் அதுதான் முதல். உலகப்போர் வந்தது. பிலிம் தட்டுப்பாட்டால் 1943 முதல் ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. யுத்தப் பிரச்சாரப் படமாக 1945-இல் ‘பர்மா ராணி’ எடுத்தார். அதில் ஜப்பானிய ராணுவ அதிகாரி வேஷத்தை முதலாளியே போட்டுக்கொண்டார்! 1950-இல் ‘மந்திரி குமாரி’. கலைஞர் கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். இது எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் தாண்டிப் போகிறேன்.

நான் நிற்க விரும்புவது 1952-இல். அமெரிக்காவிலிருந்து வில்லியம் பெர்க் என்ற இயக்குநரும் ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் என்ற நடிகர்களும் வந்து, மாடர்ன் தியேட்டர்ஸோடு கூட்டாக ஒரு படம் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. காட்டில் யானைகள் மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன. ஏன் என்று தேடிப் போனால், பனிக்காலத்தோடு அழிந்துபோன மாமத் என்ற ரோம யானை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. விஞ்ஞானக் கற்பனைதான். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் மாமத்துக்கு எங்கே போவது? நிஜ யானைக்கு ரோமத்தைப் போர்த்தினார்கள். நடக்கிறது யானை, கனம் யானையுடையது, மண் அதிர்வது நிஜம். பொய் என்பது மேலே போர்த்தின ரோமம் மட்டும்தான்.

இதை யோசித்துக்கொண்டே ஸ்டார் வார்ஸ் துப்பாக்கியைப் பற்றித் தேடினால், தூக்கிவாரிப் போட்டது. அங்கேயும் இதே கதைதான்! லண்டனில் சினிமாவுக்கு ஆயுதம் வாடகைக்கு விடும் பாப்டி என்ற கம்பெனியிலிருந்து நிஜமான ஸ்டெர்லிங் துப்பாக்கிகளை எடுத்து, குழலின் மேல் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, ஒரு டெலஸ்கோப்பும் வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்டெர்லிங்கை நம் கான்பூர் தொழிற்சாலையிலும் பல வருஷம் செய்திருக்கிறார்கள். சின்ன வயசில் கருடசேவை பந்தோபஸ்தில் போலீஸ்காரர் தோளில் தொங்கினதே, அந்தக் கார்பைன்தான். ஹாலிவுட் ஆயுதத்தின் மூலத்தை நான் அப்பா தோளில் உட்கார்ந்தபடி காஞ்சிபுரத்திலேயே பார்த்திருக்கிறேன்.

முதலாளி வழியும் லண்டன் வழியும் ஒன்றுதான்: நிஜத்தில் தொடங்கி, பொய்யைக் கொஞ்சமாகச் சேர்ப்பது. எங்கள் கையில் இருந்ததோ முழுப் பொய். பைப்பு! அப்படியானால் நிஜத்தை மேலேதான் பூசணும்.

சில்வர் பெயின்டை எடுத்து இஷ்டத்துக்குத் தெளித்துப் பார்த்தேன். அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு. டூட்டி முடிந்து வந்த அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பரணிலிருந்து பழைய நாடா ஒன்றை இறக்கினார். தறி போனாலும் அதை மட்டும் வைத்திருந்தார். விரல் படுகிற இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, விரல் போகாத மூலையில் எண்ணெய் அழுக்கு. சாமான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது, எந்தக் கை எங்கே பிடிக்கும் என்று முதலில் பார் என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே அரை மணி நேரம் நடந்தேன். எங்கே பிடிக்கிறேன், எங்கே இடிக்கிறது, கீழே வைத்தால் எது தரையில் படுகிறது என்று சாக்பீஸால் குறித்தேன். அந்த இடங்களில் மட்டும் எமரி பேப்பரால் தேய்த்து, பிரஷ்ஷை முக்கித் துடைத்து, வெள்ளி இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு விளிம்பில் இழுத்தேன். மேலே பென்சில் தூள். ஓட்டைகளுக்குள் கிரீஸும் லேத் தூசியும் குழைத்து அப்பி, வேஸ்ட் துணியால் துடைத்தேன். காலையில் பார்த்தால் பத்து வருஷம் சண்டை போட்ட சாமான்!

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான். ரிகர்சலுக்காகச் சாக்குப் பையில் போட்டு வாலாஜாபாத் பஸ்ஸில் கொண்டு போகும்போது வழியில் செக்கிங். பையைத் திறந்த காவலர் முகம் மாறிப்போச்சு. பஸ் முழுக்க என்னைத்தான் பார்த்தது. இறங்கச் சொன்னார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் கேம்பஸ் இன்டர்வியூ. ஒரு கேஸ் என்றால் வீட்டின் முதல் டிப்ளமா அங்கேயே முடிந்தது. அவர் கனமாக இருக்கும் என்று நினைத்து அழுத்தித் தூக்கினார் போலும், கை விருட்டென்று மேலே போனது. நிஜ ஸ்டெர்லிங் இரண்டரைக் கிலோவுக்கு மேல். என்னுடையது அரைக் கிலோ கூட இல்லை. அதற்கப்புறம்தான் அவர் மூச்சு விட்டார், நானும் விட்டேன். ஆனாலும் துறைத்தலைவர் வந்து எழுதிக் கொடுக்கும்வரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அப்பாவும் யூனிபார்மோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை. தறியைத் தூக்கிப் போகிற மாதிரி துண்டு துண்டாகக் கழற்றிக் கட்டியிருக்கணும் என்று மட்டும் சொன்னார். இப்போது குழல் நுனியில் ஆரஞ்சு வளையம் அடித்திருக்கிறேன். கழற்றி மாட்ட ஸ்க்ரூவும் வைத்தாச்சு. யாராவது இந்த மாதிரி செய்வதானால் கல்லூரிக் கடிதம் இல்லாமல் வெளியே எடுக்காதீர்கள்.

முதலாளி கதையை முடிக்கவில்லையே. 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, தமிழின் முதல் முழுநீளக் கலர் படம், கேவா கலரில். 1961-இல் மலையாளத்தின் முதல் கலர் படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’. 1963 ஆகஸ்ட் 30 அன்று 56-ஆவது வயதில் காலமானார். பிறகு மகன் ராமசுந்தரம் நடத்தினார். ஜெய்சங்கர் துப்பாக்கியோடு வரும் ‘வல்லவன் ஒருவன்’ 1966-இல் அங்கிருந்து வந்ததுதான். மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். அப்புறம் ஸ்டூடியோ மூடப்பட்டது.

பொங்கல் லீவில் அப்பாவை அழைத்துக்கொண்டு சேலம் போனேன். ஏற்காடு ரோட்டில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. பின்னால் வீடுகள். அப்பா கிட்டே போய்த் தூணின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஆள் கை படுகிற உயரத்தில் தேய்ந்திருக்கிறதா என்றுதான் பார்த்திருப்பார், நான் கேட்கவில்லை. பிறகு ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, அவர் ஆசைப்பட்டபடி நூல் கடைகள் இருக்கும் தெருவுக்குப் பஸ் ஏறினோம்.